விளையாடினாளா?

விடிகாலை ஐந்தேமுக்காலுக்குக் கதவைத் திறந்தால் மைனா வாசலில் நிற்பாள். வாயில் லுங்கி முடிச்சு. என் பழைய நீலக்கட்ட லுங்கி நடுவில் கிழிந்துபோனபோது அதை மூன்றாகக் கிழித்து, சடை பின்னி, இரண்டு முனையிலும் இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். அதை என் கால் பெருவிரல் மேல் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போவாள். முன்னங்கால் இரண்டையும் நீட்டி, மார்பைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்பாள். முடிச்சை நான் எடுக்கும்வரை கண் என் கையை விட்டு நகராது.

கோவில்பட்டியில் தையல்கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக நாட்டுநாய் வளர்க்கிறேன். மைனா ஐந்தாவது. கன்னி இனம், வயது பதினோரு மாதம். உடம்பு முழுக்கக் கறுப்பு, காலும் புருவப் பொட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு. மைனாப் பறவைக்கும் கால் மஞ்சள்தானே என்று மகள் வைத்த பெயர். கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே இனத்தின் இரண்டு நிறங்கள்தான் என்று சொல்பவர்கள் எங்கள் பக்கம் உண்டு, இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் பிள்ளைகள்தான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்வி: "நல்லாச் சாப்பிடுதா?" கன்னியைப் பார்த்தால் அப்படிக் கேட்கத்தான் தோன்றும். ஓடுவதற்கென்றே ஆன உடம்பு அது. வயிறு ஒட்டி, இடுப்பு குறுகி, கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு வெளியே தெரியும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "என்னய்யா, பிள்ளைக்குக் கஞ்சி ஊத்துறியா இல்லையா?" என்று மாதம் ஒருமுறையாவது கேட்டுவிடுவார். பெரியம்மாவுக்குப் பயந்து இந்த நாயைக் கொழுக்க வைத்தால் கெடுவது அதன் மூட்டுதான்.

நான் கேட்கிற கேள்வி வேறு. மதியம் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தால் மகளிடம், "மைனா விளையாடினாளா?" என்றுதான் கேட்பேன். தீனி ஏமாற்றும். காய்ச்சலோடு சாப்பிடும் நாயைப் பார்த்திருக்கிறேன், வயிற்றில் புழு நெளிய நெளிய தட்டை வழித்து நக்கும் குட்டியையும் பார்த்திருக்கிறேன். காய்ச்சலோடு விளையாடிய குட்டியை இதுவரை பார்த்ததில்லை. உடம்புக்கு ஆகவில்லை என்றால் குட்டி முதலில் விடுவது விளையாட்டை. சோறு அதற்குப் பிறகுதான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு குட்டி போக வேண்டியிருந்தது.

2011இல் சிட்டு என்று ஒரு சிப்பிப்பாறைக் குட்டி. ஏழு வாரத்தில் தூக்கிவந்தோம், வந்த வாரமே முதல் ஊசி போட்டோம். ஊசிதான் போட்டாயிற்றே என்று தெருவில் விட்டேன். சாக்கடை ஓரம், குப்பைத் தொட்டியடி என்று எல்லா இடத்தையும் மோந்துவந்தான். மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் பந்தை உருட்டினேன். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். பால் சோற்றில் பாதி சாப்பிட்டான். "வெயிலுக்குப் படுத்திருக்கான்" என்றார் அம்மா. நானும் சரி என்று கடைக்குப் போய்விட்டேன். மறுநாள் வாந்தி. அதற்கு மறுநாள் ரத்தமாய்க் கழிச்சல். அந்த வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் பிறகு எங்கே வந்தாலும் தெரிந்துவிடும். டிரிப் ஏற்றினோம். நான்காம் நாள் விடியும் முன் போய்விட்டான்.

பார்வோ வைரஸ். 1978வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய நோய். சிட்டு விஷயத்தில் நான் செய்த பிழை என்ன என்பது பிறகுதான் விளங்கியது. குட்டி பிறந்த அன்று குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து வருகிறது. சில வாரம் அது குட்டியைக் காக்கும். அதே சக்தி நாம் போடும் தடுப்பூசியையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். தாய் கொடுத்த காவல் எந்த வாரம் இறங்கும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். முதல் ஊசி பலிக்காமலும் போகலாம் என்று வைத்துக்கொண்டுதான் அடுத்ததைப் போடுவது. ஒரு ஊசியோடு நிறுத்தியவன் கதவுக்குத் தாழ் போடாமல் படுத்தவன் மாதிரி. நான் படுத்தேன்.

அந்த வைரஸ் மண்ணில் ஒரு வருஷம்கூடக் கிடக்கும். பினாயிலுக்கு அடங்காது. சிமெண்ட் தரையைப் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவினேன். வேப்பமரத்தடி மண்ணை என்ன செய்வது? ஒன்றரை வருஷம் வீட்டில் குட்டி இல்லாமல் இருந்தோம்.

மைனா போன ஐப்பசி மழையில் வந்தாள். எட்டு வாரக் குட்டி, என் இரண்டு உள்ளங்கையில் அடங்கினாள். இப்போது வேறொரு சங்கடம். ஊசிகள் முடியும்வரை தெரு மண்ணில் விடக்கூடாது. ஆனால் குட்டியின் மனம் திறந்திருப்பதும் அந்த நாட்களில்தான். மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம்வரை பார்த்த மனிதர்களையும் கேட்ட சத்தங்களையும்தான் அது தன் உலகம் என்று எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலில் இந்தப் பருவத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். பதினாறு வாரமும் கொல்லையில் பூட்டி வளர்த்தால் நோய் பெரும்பாலும் வராது. ஆனால் பஸ் ஹாரனுக்கும் தொப்பி போட்ட ஆளுக்கும் ஆயுசு முழுக்க நடுங்கும் நாயாகிவிடும்.

நான் கட்டைப்பையை எடுத்தேன். கடைக்கு வருகிறவர்களுக்குத் துணி போட்டுக் கொடுக்கும் அதே பை. அடியில் துண்டை மடித்துப் போட்டு, அவளை உட்கார வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிலையம், சந்தை, கோயில் வாசல், தீப்பெட்டி ஆபீஸ் விட்டுப் பெண்கள் கூட்டமாய் வரும் பாதை என்று சுற்றினேன். தலை மட்டும் வெளியே. மேளச் சத்தம் கேட்டால் முதல்நாள் பைக்குள் போய்விட்டாள், மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தாள், ஒரு வாரத்தில் தூங்கினாள். கால் தரையில் படவில்லை, ஊரையும் பார்த்தாயிற்று. குட்டி வளர்க்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கட்டைப்பையைத்தான்.

நான்கு மாதத்தில் பால்பல் விழத் தொடங்கியது. குட்டிக்குப் பால்பல் இருபத்தெட்டு. அவை விழுந்து ஏழாம் மாதத்துக்குள் நாற்பத்திரண்டு பல் வந்துவிடும். பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள், நம் கண்ணில் படாது. மகள் பாயில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். உடைந்த அரிசி மணி அளவு, அடி மட்டும் குழிவாய், நுனி ஊசி. அதைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து இன்றும் வைத்திருக்கிறாள். அந்த நாட்களில் ஈறு அரிக்கும், கண்டதையெல்லாம் கடிக்கும். என் டேப்பைக் கடித்தாள், கத்தரிக்கோல் பிடியைக் கடித்தாள், கையையும் கடித்தாள். ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் அரைமணி வைத்துக் கொடுத்தால் நிம்மதியாய் மெல்லுவாள்.

கையைக் கடிப்பதை நிறுத்தப் பெரியவர்கள் சொன்ன வழி அடிப்பது. முதல் நாயை அப்படித்தான் வளர்த்தேன். செருப்பை எடுத்தேன், நான்கைந்து முறை அடித்திருப்பேன். அது பதின்மூன்று வருஷம் இருந்தது. கடைசிவரை, தலையைச் சொறிய யார் கையைத் தூக்கினாலும் கண்ணை இறுக்கிக்கொண்டு பதுங்கும். அந்தப் பதுங்கலை நான்தான் கொடுத்தேன். மைனாவை ஒருமுறைகூட அடிக்கவில்லை. பல் தோலில் பட்டால் விளையாட்டை அங்கேயே நிறுத்திவிடுவேன். பேச மாட்டேன், பார்க்க மாட்டேன், தூண்போல நிற்பேன். இருபது எண்ணியபிறகு மறுபடி முடிச்சைத் தூக்குவேன். கடித்தால் ஆட்டம் முடிந்துபோகும் என்பது குட்டிக்குப் புரிய மூன்று வாரம் ஆனது. கூடப் பிறந்த குட்டிகள் கற்றுக்கொடுப்பதும் இப்படித்தான். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப் போய்விடும். அதனால்தான் எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. சிட்டுவை ஏழாம் வாரம் தூக்கிவந்தது நான் செய்த இன்னொரு தப்பு.

காலையில் வாசலில் அவள் தாழ்ந்து நிற்கிறாள் என்றேனே, அதைப் பற்றியும் ஒன்று. மார்க் பெக்காஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் நாய்களின் விளையாட்டை உட்கார்ந்து கவனித்து 1995இல் எழுதினார். கடித்துத் தலையை உலுக்குவதுபோல, சண்டை என்று தவறாக எடுத்துக்கொள்ளக்கூடிய செயலுக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ இந்தத் தாழ்தல் வருகிறதாம். கோபமில்லை, விளையாட்டுத்தான் என்று சொல்லிவிட்டுக் கடிப்பது. இதை அறிந்தபிறகு மைனா தாழும்போதெல்லாம் நானும் குனிந்து இரண்டு கையையும் தொடையில் தட்டிப் பதில் சொல்கிறேன். பதில் கிடைத்ததும் அவள் முகமே மாறிவிடும்.

கன்னிக்கு ரத்தத்திலேயே ஓட்டம் இருக்கிறது. எங்கள் கரிசல் காட்டில் இந்த நாய்களை முயல் வேட்டைக்குத்தான் வளர்த்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், குற்றமாக இருப்பதே சரி. ஆனால் துரத்தும் ஆசை சட்டத்தோடு போய்விடாது. அதற்கு நான் ஒரு மூங்கில் கழியை வைத்திருக்கிறேன். நுனியில் ஆறடிக் கயிறு, கயிற்று முனையில் கடையில் வெட்டி விழுந்த வெல்வெட் துண்டு. தரையோடு இழுத்தால் முயல் திரும்புவதுபோல வளைந்து போகும். மைனா உடம்பைச் சாய்த்துத் திரும்பும்போது நான்கு காலும் ஒரு கணம் தரையில் இருக்காது. பிடித்ததும் "விடு" என்பேன். விட்டால் அவித்த முட்டையில் ஒரு துண்டு, உடனே மறுபடி ஓட்டம். பிடுங்கினால் இறுக்கிக்கொள்வாள். விட்டால் நட்டமில்லை என்று தெரிந்ததால் விடுகிறாள். பிற்பாடு வாயில் கோழி எலும்பு அகப்பட்டாலும் இந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.

ஐந்து நிமிஷம் ஓட்டம், பிறகு ஓய்வு. வளரும் எலும்பின் முனைகள் ஒரு வயதுக்கு முன் முழுதாகக் கெட்டிப்படுவதில்லை. பைக்கில் கட்டி இழுத்து ஓடவிடும் இளைஞர்களைக் காலையில் பார்க்கிறேன். நாய் ஓடுகிறது என்று அவர்களுக்குப் பெருமை. அது நிற்க வழியில்லாமல் ஓடுகிறது. தம்பிகளே, அப்படிச் செய்யாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து அவளை மடிமேல் சாய்த்துக்கொள்வேன். மூக்கிலிருந்து வால்வரை கையால் ஒரு தடவு. தையல்காரன் விரலுக்கு ஒரு பழக்கம் உண்டு, துணியில் எங்கே நூல் முடிச்சு இருந்தாலும் அங்கே நின்றுவிடும். அதே விரல்தான் இங்கேயும். உதட்டைத் தூக்கி ஈறு பார்ப்பேன். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு எண்ணுவதற்குள் சிவப்பு திரும்ப வேண்டும். காதுமடலின் உள்பக்கம், கழுத்துப்பட்டைக்கு அடி, அக்குள், வால் அடி. கடைசியில் பாதம். ஒவ்வொரு விரல் இடுக்கையும் விரித்துப் பார்ப்பேன். எங்கள் ஊரில் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் இல்லாத தரை கிடையாது. கன்னிக்குத் தோல் மெல்லிசு, ரோமமும் கட்டை. வேலியில் உரசினாலே கிழியும். கூச்சப்பட்டுக் காலை இழுப்பாள். குட்டியில் தொடங்கினால்தான் பழகும்.

பங்குனியில், அவளுக்கு ஏழு மாதம் ஆனபோது, ஒரு மாலை முடிச்சைத் தூக்கினேன். முன்னங்காலை நீட்டித் தாழ்ந்தாள். ஆனால் எழுந்து ஓடவில்லை. தாழ்ந்த இடத்திலேயே பின்பக்கமும் இறங்கி அப்படியே படுத்துவிட்டாள். கண் என்னைத்தான் பார்த்தது, வால் நுனியும் இரண்டு முறை ஆடியது. விளையாட ஆசை இருந்தது, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. மதியம் தட்டைக் காலி செய்திருக்கிறாள் என்றார் என் மனைவி. "நல்லாத்தானே இருக்கா?" என்றார். எனக்குச் சிட்டுவின் தலை ஞாபகம் வந்தது. தெர்மாமீட்டர் வைத்தேன். நாய்க்கு 101இலிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்வரை இயல்பு. இவளுக்கு 103.8. விரலை ஓட்டினேன். வலது காதுமடல் மடிப்பில் மிளகு அளவு இரண்டு, இடது முன்னங்கால் இடுக்கில் ஒன்று. உண்ணி. காலையில் பார்த்தபோது இந்த மூன்றையும் தவறவிட்டிருக்கிறேன்.

அன்றிரவே மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் பேசி, காலையில் முதல் ஆளாய்ப் போனோம். அவரும் "சாப்பிடுதா?" என்றுதான் தொடங்கினார். "சாப்பிடுறா டாக்டர், விளையாடல" என்றேன். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். தட்டணுக்கள் இறங்கியிருந்தன. எர்லிக்கியா, உண்ணி கடித்து வருகிற காய்ச்சல். முற்றினால் மூக்கில் ரத்தம் வடியும், ஈறு வெளுத்துப்போகும். இருபத்தெட்டு நாள் டாக்சிசைக்ளின், சாப்பாட்டோடு. நான்காம் நாள் காலை ஐந்தேமுக்காலுக்குக் கதவைத் திறந்தேன். முடிச்சு என் பெருவிரலில் விழுந்தது. அந்த நாளில்தான் பலரும் மாத்திரையை நிறுத்துகிறார்கள். ஆட்டம் திரும்பியது பாதி குணம்தான், மீதி ரத்தத்துக்குள் இருக்கிறது. இருபத்தெட்டையும் கொடுத்து முடித்தோம்.

உண்ணியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நாயின் மேல் இருப்பதைவிடச் சுவரில் இருப்பது அதிகம். ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ கட்டில் சந்திலோ ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டினால் அடுத்த மாதம் மறுபடி வரும். சுவர் விரிசலைச் சிமெண்ட் பூசி அடைத்தேன், படுக்கைச் சாக்கை எரித்தேன், எடைக்குத் தக்க உண்ணி மாத்திரையை டாக்டரம்மா சொன்ன தேதியில் கொடுக்கிறேன். பிடுங்கும்போது மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது, விரலால் நசுக்கவும் கூடாது. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. குடற்புழு தாயின் கருவிலும் பாலிலுமே வந்துவிடும். இரண்டு வாரத்தில் தொடங்கி முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை பூச்சி மருந்து. கம்பங்கூழும் கேழ்வரகும் நல்லதுதான், ஆனால் வளரும் குட்டிக்கு முட்டையும் கறியும் மீனும் சேர வேண்டும். வெங்காயம், சாக்லேட், திராட்சை ஆகாது. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் திராட்சைதான். விசேஷ வீட்டு மிச்சத்தை அன்பாய்க் கொண்டுவந்து வைப்பவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள். மாம்பழ நாட்களில் கொட்டையைக் கண்ணில் காட்டாதீர்கள். விழுங்கினால் குடலை அடைத்துவிடும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது விஷம் கொடுப்பதற்குச் சமம். அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழு மணிக்கு மேல் ஓட்டம் கிடையாது. நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும், மீதிச் சூடு மூச்சிரைத்துத்தான் வெளியேற வேண்டும். தார்ரோட்டில் நம் புறங்கையை ஏழு எண்ணும்வரை வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

வெறிநோய்த் தடுப்பூசியை மட்டும் சுருக்கிச் சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் குறித்துத் தரும் தேதிகளில். அந்த நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் நாயும் பிழைப்பதில்லை, மனிதரும் ஏறக்குறைய பிழைப்பதே இல்லை. குட்டி விளையாட்டாய்க் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், ஆஸ்பத்திரியில் காட்டவும் வேண்டும். "நம்ம வீட்டு நாய்தானே" என்று இருந்துவிடாதீர்கள்.

குட்டி வாங்க ஆசைப்பட்டு யோசனை கேட்டு என் கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பார்கள், நிறம் கேட்பார்கள், எந்த ஊர்க் குட்டி நல்லது என்பார்கள். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி, தரையில் உட்கார உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். இருந்தால் தாராளமாய் வாங்குங்கள், கட்டைப்பை நான் தருகிறேன். இல்லையென்றால் இந்த வருஷம் வேண்டாம்.